தொடக்கத்துக்குச் சாட்சி யார்?

ஜூலை மாதத்தில் அந்த முன்னோட்டக் காட்சி வெளியானதிலிருந்து நான் ஒரு படத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். 'தி சோஷியல் நெட்வொர்க்' என்பது அதன் பெயர். பேஸ்புக் நிறுவனம் தோன்றிய கதையைச் சொல்லும் அந்தப் படம், செப்டம்பர் 24 அன்று நியூயார்க் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டு, 2010 அக்டோபர் 1 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வருகிறது. முன்னோட்டத்தின் முதற்பகுதியில் நடிகர் ஒருவரும் இல்லை. யாரோ ஏற்றிய புகைப்படங்கள், நட்புக் கோரிக்கைகள், நிலைத்தகவல் பெட்டியில் வந்து விழும் சொற்கள் ஆகியவையே திரையை நிறைக்கின்றன. பின்னணியில் பெண்களின் சேர்ந்திசை மெதுவாக எழுகிறது. நாள்தோறும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதாகவே உணராமல் போய்விட்ட ஒரு பக்கத்தை, யாரோ ஒருவருடைய தனிமையின் சித்திரமாக அந்த ஒரு நிமிடம் எனக்குக் காட்டியது. அதன் பிறகுதான் ஹார்வர்டும் விடுதி அறையும் வழக்கறிஞர்கள் சூழ்ந்த மேசையும் வருகின்றன.

அந்த மேசைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நிறுவனத் தொடக்கக் கதை என்றால் ஓர் இளைஞன், ஒரு கணினி, ஒரு கனவு, இறுதியில் கைதட்டல் என்றுதான் எதிர்பார்ப்போம். இந்தப் படமோ, வழக்கில் பிரமாணம் செய்துவிட்டுப் பேசும் மனிதர்களின் வாக்குமூலங்களுக்கு நடுவே கதையை வைத்திருப்பதாகத் தெரிகிறது. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர், 2007இல் ஒரு தொடர்கொலை வழக்கைப் பற்றி எடுத்த படத்தில், கொலைகளைக் காட்டிலும் அவற்றைப் பற்றிய கோப்புகளிலும் கையெழுத்துகளிலும் ஒன்றோடொன்று ஒட்டாத சாட்சியங்களிலும் அதிக நேரம் செலவிட்டவர். திரைக்கதை எழுதியிருக்கும் ஆரன் சார்கின், 1992இல் படமான தம்முடைய ராணுவ நீதிமன்ற நாடகத்தின் வழியாகப் பெயர் பெற்றவர். இருவர் எதிரெதிரே அமர்ந்து கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதை அவரைப்போல் எழுதக்கூடியவர்கள் குறைவு. இந்த இருவரையும் இந்தக் கதையையும் ஒரே வரியில் படித்தபோது, யாரோ மிகவும் யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

என்னுடைய ஆர்வத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது சற்று அந்தரங்கமானது.

கல்லூரியில் படித்தபோது நாங்கள் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு சிறிய இணையதளத்தை எழுதினோம். யாரிடம் எந்தப் பாடப்புத்தகம் இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று மாணவர்கள் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஓர் ஆண்டு பயன்பட்டது, பிறகு யாரும் கவனிக்காமல் நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்து மூவரும் சந்தித்தபோது பேச்சு அதன் பக்கம் திரும்பியது. இந்த எண்ணத்தை முதலில் சொன்னது நான்தான் என்று நான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். மற்ற இருவரில் ஒருவர், தேர்வுக்கு முந்தைய நாள் புத்தகம் கிடைக்காமல் அலைந்தபோது தமக்குத் தோன்றியது என்றார். அலைந்த இடங்களையும் வரிசையாகச் சொன்னார். மற்றவர், எண்ணம் யாருடையதாக இருந்தாலும் முதல் வாரம் முழுவதும் நிரல் எழுதியது தாம் மட்டுமே என்று அமைதியாகச் சொன்னார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒருவருடைய நினைவு மற்றவருடையதோடு பொருந்தவும் இல்லை. பிரித்துக்கொள்ளப் பணம் ஏதும் இல்லாததால் பேச்சு சிரிப்பில் முடிந்தது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து நிறுவனங்களின் தொடக்கக் கதைகளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தொடக்கம் நடந்துகொண்டிருக்கும்போது, அதைத் தொடக்கம் என்று அறிந்தவர் அந்த அறையில் யாருமே இருப்பதில்லை. அதனால் யாரும் குறிப்பெடுப்பதில்லை. வெற்றி வந்த பிறகு, நினைவிலிருந்து, வென்றவருக்கு ஏற்றபடி கதை எழுதப்படுகிறது. 1975இல் பால் ஆலன் ஆல்டேர் கணினிக்கான பேசிக் என்ற நிரல் மொழியை எடுத்துக்கொண்டு, அந்தக் கணினியைத் தயாரித்தவர்கள் இருந்த ஆல்புகர்க்கிக்குப் பறந்தபோது, அதைக் கணினியில் ஏற்றும் சிறு நிரல் இல்லை என்பது நினைவுக்கு வந்து, விமானம் தரையிறங்குவதற்குள் எழுதி முடித்தார் என்பது மைக்ரோசாஃப்டின் கதை. 1998இல் இன்னும் பதிவே செய்யப்படாத கூகுள் நிறுவனத்தின் பெயருக்கு முதலீட்டாளர் ஆண்டி பெக்டோல்ஷைம் 1,00,000 டாலர் காசோலை எழுதிக் கொடுத்தார் என்பது கூகுளின் கதை. இரண்டும் உண்மை, இரண்டையும் நான் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் இவை குறுக்கு விசாரணைக்கு உட்படாத கதைகள். 1976இல் ஆப்பிளின் மூன்றாவது நிறுவனராக இருந்து, பன்னிரண்டே நாட்களில் தம்முடைய பத்து விழுக்காட்டுப் பங்கை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்த ரொனால்ட் வெய்னின் பக்கத்திலிருந்து அந்த நிறுவனத்தின் தொடக்கத்தைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

பேஸ்புக்கின் கதை மாறுபடுவது இங்கேதான். அங்கே சண்டை மிகச் சீக்கிரமாகவே வந்துவிட்டது. எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோதே, நினைவுகள் காய்ந்து இறுகுவதற்கு முன்பே, மின்னஞ்சல்கள் அழியாமல் இருந்தபோதே வழக்கறிஞர்கள் உள்ளே வந்தார்கள். அதனால் ஒரு மாதத்தை நாள் நாளாக, ஓர் இரவை மணி மணியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

அந்த இரவு 2003 அக்டோபர் இறுதியில் வருகிறது. கிர்க்லாண்ட் விடுதியில் தங்கியிருந்த இரண்டாம் ஆண்டு மாணவர், பின்னர் பேஸ்புக்கைத் தொடங்கிய 19 வயது மார்க் ஸக்கர்பெர்க், விடுதிகளின் இணையதளங்களில் இருந்த மாணவர் புகைப்படங்களை அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாக அருகருகே வைத்து, எது அழகு என்று வாக்களிக்கச் சொல்லும் 'ஃபேஸ்மாஷ்' என்ற தளத்தை உருவாக்கினார். எந்த விடுதியின் தளத்தில் படங்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றை எப்படி எடுப்பது என்று அன்றிரவு அவரே தம் இணையக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனார். தளம் மூடப்படுவதற்குள் 450 பேர் வந்து 22,000 முறை வாக்களித்தார்கள் என்று பல்கலைக்கழக மாணவர் நாளிதழான 'தி ஹார்வர்ட் கிரிம்சன்' எழுதியது. மாணவர் அமைப்புகள் கண்டித்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்தது. தங்கள் முகத்தை அப்படித் தராசில் ஏற்ற ஒப்புதல் தராத மாணவிகளுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதைப் படம் ஒரு காட்சியிலாவது காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். நாயகனின் துடுக்குத்தனமாக மட்டும் அது கடந்துபோய்விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் அறிந்த தகராறு. கேமரான், டைலர் என்ற விங்கில்வாஸ் இரட்டையரும் திவ்யா நரேந்திராவும் 2002 டிசம்பரிலிருந்தே ஹார்வர்ட் மாணவர்களை இணைக்கும் ஒரு தளத்தைத் திட்டமிட்டு வந்தார்கள்; 'ஹார்வர்ட் கனெக்‌ஷன்' என்பது அதன் பெயர். 2003 நவம்பரில் அதன் நிரலை முடித்துத் தரும்படி ஸக்கர்பெர்க்கை அணுகினார்கள். அவர் ஒப்புக்கொண்டார். பிறகு பாடச்சுமை, நேரமின்மை என்று மின்னஞ்சல்கள் தள்ளித் தள்ளிப் போயின. 2004 ஜனவரி 11 அன்று thefacebook என்ற பெயருக்கான இணைய முகவரியை ஸக்கர்பெர்க் பதிவு செய்தார். பிப்ரவரி 4 அன்று அவருடைய தளம் திறந்தது. தம்மை ஏமாற்றிக் காலம் கடத்திவிட்டார் என்று அவர்கள் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் ரொக்கமும் பங்குகளுமாகச் சமரசம் ஏற்பட்டது. அதன் மொத்த மதிப்பு 6.5 கோடி டாலர் என்று பின்னர் செய்தி வந்தது. பங்குகளின் மதிப்பைச் சரியாகச் சொல்லவில்லை என்று அந்தச் சமரசத்தையும் எதிர்த்து இப்போது அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணம் யாருடையது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு முடிவு இருக்கிறது, அதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். அது அந்த மூவருடையதும் அல்ல, ஸக்கர்பெர்க்குடையதும் அல்ல. விடுதிகளின் முகப்புத்தகங்கள், அதாவது மாணவர் படங்களும் பெயர்களும் அடங்கிய கையேடுகள், முன்பே இருந்தன. பேஸ்புக் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஃபேஸ்மாஷ் விவகாரத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவாக, மாணவர்களின் ஒப்புதலோடு இயங்கும் ஒரு முகப்புத்தகம் வேண்டும் என்று 2003 டிசம்பரில் கிரிம்சன் தலையங்கமே எழுதியது. ஆரன் கிரீன்ஸ்பன் என்ற இன்னொரு ஹார்வர்ட் மாணவர் அதற்கு முன்பே தம்முடைய 'ஹவுஸ் சிஸ்டம்' தளத்தில் முகப்புத்தகப் பகுதி ஒன்றை வைத்திருந்தார். வெளியே ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளங்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. எண்ணம் அந்தக் குளிர்காலத்தின் காற்றில் இருந்தது. ஆனால் எண்ணம் பொதுவானது என்பதாலேயே, ஒருவருக்கு வேலை செய்து தருவதாகச் சொல்லிவிட்டு அவருக்குத் தெரியாமல் போட்டித் தளம் எழுதுவது சரியாகிவிடாது. எண்ணத்தின் உரிமையும் கொடுத்த வாக்கும் வெவ்வேறு. படம் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதாக நினைப்பேன். குழப்பினால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு மாணவரும், நல்ல எண்ணம் ஒன்று தோன்றினால் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்றே கற்றுக்கொள்வார்.

நான் மிகவும் காத்திருப்பது வேறொன்றுக்காக. அதைப் படம் தொடுமா என்பதே ஐயந்தான். ஃப்ரெண்ட்ஸ்டருக்கு முன்னதாகவே கூட்டம் வந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கம் திறக்கப்படும்போதும், பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே யார் வழியாக என்ன தொடர்பு என்று கணக்கிட்டுக் காட்ட அது முயன்றதால், கூட்டம் பெருகப் பெருகத் தளம் நகர மறுத்தது. தி பேஸ்புக் அந்தக் குழியில் விழவில்லை. ஹார்வர்ட் மின்னஞ்சல் முகவரி உள்ளவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று கதவைச் சாத்தி வைத்தது. பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் என்று பரவியபோது ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தரவுத்தளம், தனி முகவரி. ஒரு கல்லூரியைச் சேர்ப்பது என்பது ஒரு பிரதியை எடுத்து நிறுவுவதுதான். கணக்கிட வேண்டிய உறவுகள் அந்தந்த மதிலுக்குள்ளேயே நின்றன. மாதம் 85 டாலர் வாடகைக்கு எடுத்த சர்வரில் தொடங்கியவர்களுக்கு இந்தச் சிக்கனம் உயிர் காத்தது. இன்னொரு பயனும் அதில் இருந்தது: உள்ளே இருப்பவர் எல்லோரும் தம்மோடு படிப்பவர்கள் என்ற நம்பிக்கையால்தான் மாணவர்கள் உண்மைப் பெயரையும் உண்மைப் படத்தையும் தயங்காமல் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் ஹார்வர்டின் இளங்கலை மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். சாத்திய கதவு சர்வரையும் காத்தது, நம்பிக்கையையும் வளர்த்தது. நிரல் எழுதுகிறவனாக நான் இந்தக் கதையில் வியந்து நிற்கும் இடம் அதுதான். இதைக் காட்சியாக எடுப்பது கடினம். எடுத்தால் அதற்கு இணையான திருப்பத்தை எந்த வாக்குவாதமும் தராது.

திரையில் நிரல் எழுதுவதை இதுவரை பார்த்த விதம் எனக்கு அச்சமூட்டுகிறது. பச்சை எழுத்துகள் மழையாகக் கொட்டும், விரல்கள் பறக்கும், முப்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடும். உண்மையில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. ஒரு வரியை மாற்றிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமே அதில் பெரும்பகுதி. அந்த அசைவின்மையைப் பார்வையாளர் தாங்க மாட்டார் என்று அஞ்சித்தான் திரைக்கதையாளர்கள் ஒரு காரணத்தைத் தேடுகிறார்கள்: ஒரு பெண் விட்டுப் போனாள், ஒரு மன்றம் உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது, ஆகவே அவன் எழுதினான். முன்னோட்டத்திலும் அந்தச் சாயல் இருக்கிறது. ஃபேஸ்மாஷ் இரவின் குறிப்பேட்டில் ஒரு பெண்ணின் மேல் உள்ள கோபம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் கோபம் ஓர் இரவுக்குத்தான் போதும். பிப்ரவரியில் திறந்த தளத்தைத் தாங்கிப் பிடித்து, படிப்புக்கு நடுவே கல்லூரி கல்லூரியாகச் சேர்த்துக்கொண்டே போவதற்குக் கோபம் போதாது. எழுதிய வரி ஓடுகிறது, யாரோ முகம் தெரியாத ஒருவர் அதைப் பயன்படுத்துகிறார் என்று காணும்போது வரும் மகிழ்ச்சியை, அந்தப் புத்தகப் பதிவேட்டில் எங்கள் முதல் நூறு பேர் சேர்ந்த வாரத்தில் நாங்கள் மூவரும் அனுபவித்திருக்கிறோம். அந்த மகிழ்ச்சிக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

எனினும் இந்தக் கதையின் இதயம் எட்வார்டோ சாவெரின் என்றே நினைக்கிறேன். பிரேசிலில் பிறந்த அவர் ஸக்கர்பெர்க்கின் நண்பர். தொடக்கச் செலவுக்குப் பணம் போட்டவர். முதலில் 65 விழுக்காடு ஸக்கர்பெர்க்குக்கு, 30 சாவெரினுக்கு, 5 ஸக்கர்பெர்க்கின் அறைத்தோழர் டஸ்டின் மாஸ்கோவிட்ஸுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 2004 கோடை விடுமுறையில் மற்றவர்கள் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்குப் போய் ஒரு வீட்டில் தங்கி இரவும் பகலும் வேலை செய்தபோது, சாவெரின் நியூயார்க்கில் இருந்தார். இணையத்தில் பாடல்களைப் பகிர உதவிய நாப்ஸ்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷான் பார்க்கர் அந்த வீட்டுக்குள் வந்தார், விரைவில் நிறுவனத்தின் தலைவரானார், முதலீட்டாளர்களிடம் அழைத்துப் போனார். பீட்டர் தீல் 5,00,000 டாலர் கொடுத்து 10.2 விழுக்காடு பெற்றார். மனக்கசப்பு முற்றியபோது சாவெரின் வங்கிக் கணக்கை முடக்கினார். இதற்கிடையே டெலவேர் மாநிலத்தில் புதிய நிறுவனம் பதிவாகி, பழையதன் உரிமைகள் அதற்கு மாறின. அதற்கான தாள்களில் சாவெரினும் கையெழுத்திட்டார். பிறகு புதிய பங்குகள் வெளியிடப்பட்டன, அவருக்கு மட்டும் இல்லை. புதிய நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்த அவருடைய உரிமை பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இதைப் பலமுறை படித்த பிறகே எனக்கு அதன் கொடுமை புரிந்தது. யாரும் அவரிடமிருந்து ஒரு பங்கைக்கூடப் பறிக்கவில்லை. அவர் வைத்திருந்த பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அவற்றைச் சுற்றி இருந்தவை பெருகின. குவளையில் இருந்த பாலை யாரும் தொடவில்லை, தண்ணீரை மட்டும் ஊற்றினார்கள். மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது: சர்வர்கள் நின்றுபோகும் நிலையில் கணக்கை முடக்கினால், அங்கே உட்கார்ந்து உழைப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஸக்கர்பெர்க்கின் குடும்பப் பணத்தைக் கொண்டே அந்தக் கோடையைக் கடந்திருக்கிறார்கள். ஆனால் நண்பனை வெளியேற்ற வேண்டியிருந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சாவெரின் வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. இணை நிறுவனர் என்ற பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. படத்துக்கு மூலமான, பென் மெஸ்ரிச் எழுதி 2009இல் வந்த நூல் பெரிதும் சாவெரினின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது; ஸக்கர்பெர்க் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே திரையில் நாம் காணப்போவது ஒரு தரப்பின் காயத்தை மூலமாகக் கொண்ட கதை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

இதுதான் என் மகிழ்ச்சியோடு கூடவே வரும் கவலை. ஸக்கர்பெர்க்குக்கு இப்போது 26 வயது. பேஸ்புக்கில் 50 கோடிப் பேர் சேர்ந்துவிட்டதாக இந்த ஜூலையில்தான் நிறுவனம் அறிவித்தது. படத்தின் சுவரொட்டியும் அதே எண்ணைச் சொல்லி, சில பகைவர்கள் இல்லாமல் இத்தனை நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள் என்கிறது. வாழும் மனிதர் ஒருவருக்கு அவராக நடிக்கும் ஜெஸ்ஸி ஐசன்பெர்க்கின் முகமும் சார்கினின் வேகமான சொற்களும் கிடைத்துவிட்டால், இனி அவர் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவில் எழுவது எந்த முகம்? மாஸ்கோவிட்ஸும் மற்றோர் இணை நிறுவனரான கிறிஸ் ஹியூஸும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை, சண்டை போடாத காரணத்தாலேயே திரையின் ஓரத்தில் ஒதுங்கிவிடுமோ? வழக்கு இல்லாமல் ஆவணம் இல்லை, ஆவணம் இல்லாமல் காட்சி இல்லை என்றால், ஒத்துப்போனவர்களின் பங்கை எங்கே போய்த் தேடுவது? எங்கள் மூவரில் முதல் வாரம் தனியாக நிரல் எழுதியவர் பேசி முடித்த பிறகு நிலவிய அமைதி எனக்கு அப்போது நினைவுக்கு வருகிறது.

அந்த நண்பருக்கு முன்னோட்டத்தை அனுப்பியபோது அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். மூவரும் சேர்ந்தே படம் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன், எங்கள் புத்தகப் பதிவேடு எப்படித் தொடங்கியது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி எடுத்து வர வேண்டும். படம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இந்த யோசனையைச் சொன்னவர் அவர்தான். இதை இங்கே தேதியோடு எழுதி வைக்கிறேன்: 2010 செப்டம்பர் 18, சனிக்கிழமை, மாலை. என்னுடைய பக்கத்தில் இதுவரை நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன், அவற்றில் இரண்டை அடித்துவிட்டேன்.